தொட்டுப் பார்க்காத பூட்ஸ்

போன மாதம் ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். நடுவர் உங்களில் ஒருவர். பெயர் வேண்டாம். நன்றாக ஓடுகிறார், விசிலை வீணாக ஊதுவதில்லை. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணிகளையும் வரிசையாக நிறுத்தி, பூட்ஸின் அடிப்பக்கம் தெரியும்படி காலைத் தூக்கச் சொன்னார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலடி தள்ளி, தலையை மட்டும் லேசாகச் சாய்த்தபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். பட்டாளத்தைப் பார்வையிடும் கவர்னர்கூட அவ்வளவு மிடுக்காக நடந்திருக்க மாட்டார்.

இடைவேளையில் அவரிடம் போய், "பூட்ஸை இப்படிப் பார்க்க யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"இதுதான் சார் நம்ம திருச்சி ஸ்டைல். பழைய ரெப்ரியெல்லாம் இப்படித்தான் பார்ப்பாங்களாம். பார்க்கவே ஒரு கம்பீரம் இருக்குல்ல சார்?"

இருக்கிறது. அந்தக் கம்பீரத்தை உண்டாக்கியவன் நான்தான்.

நம் நடுவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அறிவுரையாக ஏதாவது எழுதும்படி செயலாளர் கேட்டிருந்தார். அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அந்த நடை எங்கிருந்து வந்தது, அதனால் ஒருவன் என்ன ஆனான் என்பதை மட்டும் எழுதுகிறேன். படித்த பிறகும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள ஆசை இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் திருச்சிக்கு வந்துபோகும் குமாஸ்தா. பி.ஏ. படித்திருந்தேன். அந்தப் பட்டத்தை நான் பேசிய ஒவ்வொரு வாக்கியத்திலும் எப்படியாவது நுழைத்துவிடுவேன். கால்பந்தை ஒரு நாளும் உதைத்ததில்லை. பிறகு எப்படி நடுவரானேன் என்று கேட்பீர்கள். கால்பந்துச் சட்டப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை எனக்கு மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரியும். ஜில்லா கோப்பையை நடத்திய கமிட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. கமிட்டியில் இருந்த பெரிய மனிதர்களில் பாதிப் பேர் பந்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள். அவர்கள் நடுவில் நான் மேதை.

கோப்பை ஐப்பசியில் தொடங்கும். ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மார்கழி பிறந்துவிட்டால் கமிட்டிக்காரர்கள் கோயிலைவிட்டு நகரமாட்டார்கள் என்பதால், அதற்குள் எப்படியாவது இறுதி ஆட்டத்தை முடித்துவிடுவோம். வரும் அணிகளில் பாதி பூட்ஸ் போட்டவை: கன்டோன்மென்ட் அதிகாரிகள், கல்லூரிக்காரர்கள், ரயில்வேக்காரர்கள். மீதி வெறுங்கால்: பாலக்கரை, உறையூர், முசிறி. வெறுங்காலும் பூட்ஸும் ஒரே பந்துக்குப் பாய்வதில் அன்று யாரும் விசித்திரம் காணவில்லை. வெறுங்காலோடு ஆடியவர்கள் அதில் பெருமைகூடப் பட்டார்கள்.

ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து பூட்ஸின் அடியில், தோலை அடுக்கி வட்டமாக வெட்டிய ஸ்டட்டுகளைச் சின்ன ஆணிகளால் அடித்திருப்பார்கள். தோல் தேயும். ஆணி தேயாது. சில ஆட்டங்கள் ஆடிய பிறகு ஆணி தலை நீட்டும். அதனால் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பூட்ஸையும் சோதித்து, ஆணி நீட்டியிருந்தால் அதைச் சரிசெய்யும்வரை அந்த ஆளை ஆடவிடக் கூடாது. இதைச் செய்யவேண்டியவர் நடுவர்.

எனக்கு அந்தச் சட்டம் எண்ணோடு தெரியும். செய்யத்தான் முடியவில்லை. இன்னொருத்தன் காலில் கிடக்கும் தோலை, தெருச் சேற்றையும் எச்சிலையும் மிதித்து வந்ததை, நான் கையால் தொடுவதா? பந்தும் தோல்தானே என்று நீங்கள் கேட்கலாம். பந்துக்குள் காற்று இருக்கிறது, காற்றடைத்த பண்டத்துக்கு தோஷமில்லை என்று நானே எனக்கு ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டேன். பூட்ஸுக்கு அப்படி ஒரு சாஸ்திரம் எழுத வரவில்லை. அதனால்தான் அந்த நாலடித் தூரம். கை தவறியும் முன்னால் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அதைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஜனங்கள் அதைத் தோரணை என்றார்கள். நானும் சில நாளில் அப்படியே நம்பிவிட்டேன்.

எனக்கு லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவர்களில் ஒருவர் ரயிலில் கார்டு வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் நடுவராக நிற்கும் ஆட்டங்களில் தரையில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொருவன் காலையும் தன் முழங்கால்மேல் வாங்கி, ஒவ்வொரு ஸ்டட்டின் மீதும் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். இரண்டு அணிக்கும் கால் மணி நேரம் ஆகும். ஒருமுறை என்னிடம் சொன்னார்:

"மிஸ்டர் ஐயங்கார், ஆணி கண்ணுக்குத் தெரியாது, மேன். சேறு மூடியிருக்கும். விரல் வெச்சாத்தான் தெரியும்."

நான் கமிட்டிக்காரர்களிடம் போய், "இவர் கொடி காட்டுறது ரயிலுக்கா, இல்லை செருப்புத் தைக்கிற கடைக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பி.ஏ. படித்தவனின் நகைச்சுவை அந்த உயரத்தில் இருந்தது.

அந்த வருஷம் முதல் சுற்றிலேயே நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. முசிறி அணி வரவில்லை. சட்டப்படி கால் மணி காத்திருந்தேன். கடிகாரத்தைக் கையிலேயே பிடித்திருந்தேன். நேரம் முடிந்ததும் விசில் ஊதி, எதிரணி ஜெயித்ததாக அறிவித்தேன். ஒரு நிமிஷம் கழித்து, உடம்பெல்லாம் புழுதியோடு பதினோரு பேரும் ஓடிவந்தார்கள்.

"பஸ்ஸு நடுவழியில நின்னுடுச்சுங்க. கட்டை வண்டி புடிச்சு, மீதியை ஓடியே வந்தோம். ஒரு நிமிஷந்தானுங்களே?" என்று அவர்கள் கேப்டன் கெஞ்சினார்.

"சட்டம்னா சட்டம். ஒரு நிமிஷமும் ஒண்ணுதான், ஒரு வருஷமும் ஒண்ணுதான்" என்றேன்.

எதிரணியே ஆடத் தயாராக இருந்தது. நான் விடவில்லை. கமிட்டித் தலைவர் என் முதுகில் தட்டினார். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. தட்டுவதற்கென்றே ஒரு கையை ஓய்வாக வைத்திருப்பார். "இப்படி ஒருத்தர் இருந்தால்தான் கோப்பைக்கு மரியாதை. ஃபைனலுக்கும் நீர்தான் விசில்" என்றார். கலெக்டர் வந்து கோப்பை கொடுக்கும் ஆட்டம் அது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அரை இறுதியில் பாலக்கரையும் கன்டோன்மென்டும் மோதின.

பாலக்கரை அணியில் காதர் என்று ஒருவன். இடது ஓரத்தில் ஆடுவான். இருபத்திரண்டு வயது இருக்கும். தோல் மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. அதுவும் வாரத்தில் பாதி நாள்தான் கிடைக்கும். அவன் காலில் பந்து வந்துவிட்டால் கூட்டம் எழுந்துவிடும். அன்றைக்கு ரயில் பட்டறையிலிருந்து ஒரு போர்மன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டறை அணிக்கு ஆள் தேடி வந்தவர். பிடித்துவிட்டால் வேலையும் கொடுப்பார்கள். பாலக்கரை கேப்டன் இப்ராகிம், சைக்கிள் கடைக்காரர், ஆட்டத்துக்கு முன்பே என்னிடம் சொன்னார்:

"சாமி, இன்னைக்கு நாங்க தோத்தாலும் பரவாயில்லைங்க. நம்ம காதர் ஜெயிச்சிடணும். மாசச் சம்பள உத்தியோகம். எங்க தெருவுல யாருக்கும் இல்லை."

"ஆட்டத்தை ஒழுங்கா ஆடச் சொல்லு" என்றேன். இப்ராகிமுக்கு என்னைவிட நாலு வயது அதிகம்.

முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் சேறாக இருந்தது. கன்டோன்மென்ட் அணியைக் காலைத் தூக்கச் சொன்னேன். ஏற்கெனவே சேற்றில் பந்து தட்டிப் பழகிவிட்டு வந்து நின்றதால், பதினோரு பேர் பூட்ஸுக்கும் அடியில் சேறு அப்பிக்கிடந்தது. ஒரு ஸ்டட்டும் தெரியவில்லை. கார்டு என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "நான் பார்க்கட்டுமா? பத்து நிமிஷந்தான்" என்றார்.

நான் சரி என்று சொல்லியிருக்கலாம். என் கையும் கெட்டிருக்காது. ஆனால் எதிரே கமிட்டித் தலைவர் உட்கார்ந்திருந்தார். நடுவர் நிற்கும்போது லைன்ஸ்மேன் குந்தி உட்கார்ந்து சோதித்தால், நடுவர் எதற்கு என்று ஆகிவிடுமே?

"உங்க கோட்டுக்குப் போங்க" என்றேன். நாலடி தள்ளி நடந்தேன். சேற்றைப் பார்த்துத் தலையசைத்தேன். எதிர் வரிசையில் வெறுங்காலோடு பதினோரு பேர் நின்று, நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாதியில் காதர் ஒரு கோல் போட்டான். மூன்று பேரைத் தாண்டி, வழுக்கி விழப்போய், விழாமல் அடித்த கோல். போர்மன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். இடைவேளையில் ஆளனுப்பி, "அடுத்த வாரம் டாக்டர்கிட்ட வந்து உடம்பைக் காட்டு. உடம்பு சரியாயிருந்தா வேலை உன்னுது" என்று சொல்லச் சொன்னார். பாலக்கரைக்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "டேய் காதர், இனி உனக்கு ரயிலு ஓசிடா! எங்களையும் ஏத்திக்கிட்டுப் போடா!" என்று ஒருவன் கத்தினான். "உன்னை கூட்ஸ்லதான்டா ஏத்துவேன்" என்றான் காதர்.

இரண்டாம் பாதியில் கன்டோன்மென்ட் ஒரு கோல் திருப்பிப் போட்டது. அதற்குச் சற்றுப் பிறகு அவர்களுடைய ஃபுல்பேக்கும் காதரும் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள். தவறான ஆட்டம் இல்லை. அந்த ஃபுல்பேக் பந்தைத்தான் மிதிக்கப் போனார். பந்து நழுவியது; பூட்ஸ் காதரின் வலது பாதத்தின்மேல் இறங்கி, அப்படியே வழுக்கிக்கொண்டு கணுக்கால்வரை போனது.

"யா அல்லா" என்று ஒரே ஒரு சத்தம். பிறகு அவன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். குனியவில்லை.

கார்டு கோட்டிலிருந்து ஓடிவந்தார். காதரைப் பார்த்துவிட்டு, நேரே அந்த ஃபுல்பேக்கிடம் போய்க் காலைத் தூக்கச் சொல்லி, பூட்ஸ் அடியில் கட்டைவிரலை வைத்துச் சேற்றை வழித்தார். விரலை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். அதில் ரத்தம்.

"இது என்னோட ரத்தம், மேன்" என்றார். "ஆணி."

அந்த ஃபுல்பேக்கின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குத் தெரியவே தெரியாது சார். சத்தியமாத் தெரியாது" என்று என்னிடம் சொன்னார். தெரியாதுதான். தெரிந்துகொண்டு அவருக்குச் சொல்லவேண்டிய வேலை என்னுடையது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டப்படி அவரை வெளியே அனுப்பினேன். அவர் ஒரு கல்லால் ஆணியைத் தட்டி மடக்கிக்கொண்டு, இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தார். காயம்பட்டவனுக்குப் பதில் ஆள் இறக்கும் வழக்கம் அன்று கிடையாது. பாலக்கரை பத்துப் பேரோடு ஆடித் தோற்றது. எல்லாம் சட்டப்படி.

அன்று மாலையே இப்ராகிம் கமிட்டிக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். பூட்ஸைச் சோதிக்காமல் ஆட்டத்தைத் தொடங்கியதால் ஆட்டம் செல்லாது, மறுபடி நடத்தவேண்டும் என்று புகார். மறுநாள் கமிட்டி கூடியது. தலைவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆட்டத்துக்கு முன்னாடி பூட்ஸையெல்லாம் தொட்டுச் சோதிச்சீரா?"

இல்லை என்றால் ஆட்டம் மறுபடி நடக்கும். முசிறிக்காரனிடம் ஒரு நிமிஷத்துக்குச் சட்டம் பேசியவன், தன் சட்டத்தைத் தானே மீறினான் என்று ஊர் சிரிக்கும். இறுதி ஆட்டம் வேறு ஒருவர் கைக்குப் போகும். அநேகமாக அந்தக் கார்டின் கைக்கு.

"தொட்டுச் சோதிச்சேன்" என்றேன். "அப்போ ஆணி இல்லை. ஆடும்போது வெளியே வந்திருக்கணும்."

இப்ராகிம் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "பி.ஏ. படிச்ச மனுஷர் சொல்றார், அப்புறம் என்ன?" புகார் தள்ளுபடியானது. கார்டை யாரும் கூப்பிடவில்லை. லைன்ஸ்மேனை எதற்குக் கேட்பது?

பொய் அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆட்ட அறிக்கையை நான் எழுதவேண்டியிருந்தது. நிரூபணம் உறுதியாக இருக்கட்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்தேன்: அந்த ஆட்டக்காரர் வெறுங்காலோடு ஆடுபவர், அவர் பாதத்தில் முன்பே இருந்த புண் திறந்துகொண்டிருக்கவும் கூடும் என்று. ஆங்கிலத்தில் அந்த வரி மிக நன்றாக அமைந்திருந்தது. இரண்டு முறை வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இதற்குப் பிறகு நடந்தது திருச்சிக் கால்பந்தில் பழைய ஆட்கள் பலருக்கும் தெரிந்ததுதான். இறுதி ஆட்டத்தை நான்தான் நடத்தினேன். கலெக்டர் கைகுலுக்கினார். நான் பூட்ஸ் பார்த்த நடையை அவர் புகழ்ந்தார் என்று மறுநாள் பேச்சு. அடுத்த வருஷத்திலிருந்து எல்லா நடுவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் கம்பீரம் அங்கே பிறந்ததுதான். கார்டு அதன் பிறகு எனக்காகக் கொடி பிடிக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. காதருக்குப் பட்டறை வேலை கிடைக்கவில்லை. பாதம் சீழ்பிடித்து, நாலு மாசம் கழித்து ஆறியபோது கால் விந்தியது. விந்தி நடக்கிறவனை மண்டியிலும் மூட்டை தூக்க வைத்துக்கொள்ளவில்லை. ஜீயபுரம் பக்கம் ஒரு வாழைத் தோப்பில் காவல் இருக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கேதான் கடைசிவரை இருந்தான்.

பழைய ஆட்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் நான் காதரைப் பார்க்கப் பாலக்கரைக்குப் போனேன்.

நானாகப் போகவில்லை. இப்ராகிம் நான் வேலை பார்த்த கச்சேரி வாசலில் வந்து நின்று, "காதர் உங்களைப் பார்க்கணுங்கிறான் சாமி. அவனால நடந்து வர முடியலை" என்றார். சண்டை போடுவார்கள் என்று பயந்தேன். போகாவிட்டால் கச்சேரியில் விஷயம் பரவும் என்று அதைவிடப் பயந்தேன்.

சந்துக்குள் ஒரு சின்ன வீடு. காதர் பாயில் உட்கார்ந்திருந்தான். பாதம் தலையணை பருமனுக்குத் துணியால் சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றான்.

"உக்காரு, உக்காரு" என்றேன். நான் வாசற்படியைத் தாண்டவில்லை. இப்ராகிம் ஒரு ஸ்டூலைத் துடைத்து வெளியே போட்டார்.

"சண்டைக்கு இல்லைங்க சாமி" என்றான் காதர். "ஆட்டம் போச்சு, போகட்டும். பட்டறை டாக்டர் காலைப் பார்த்தாரு. புண்ணு ஆறுறவரைக்கும் ரெண்டு மாசம் எடத்தை வெச்சிருக்கேன்னு போர்மன் சொன்னாரு. அப்புறம் கமிட்டியிலேருந்து உங்க அறிக்கை அவங்களுக்குப் போயிருக்கு. அதுல பழைய புண்ணுன்னு இருக்காம். பழைய புண்ணுக்காரனை எடுக்க மாட்டாங்களாம். சீக்குன்னு அர்த்தமாம்."

நான் ஸ்டூலை இன்னும் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"எனக்குப் புண்ணு எதுவும் இல்லைங்க. அந்த ஒரு வரியை மட்டும் மாத்தி, ஆணி குத்தினதுன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா போதும். நீங்க பூட்ஸைப் பார்த்தீங்களா இல்லையான்னு நாங்க யாருகிட்டயும் பேச மாட்டோம். இப்ராகிம் அண்ணன் சத்தியம் பண்ணியிருக்காரு."

"நீங்கள்லாம் அங்கேதானே நின்னீங்க" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. பழியை எங்காவது இறக்கிவைக்கத்தான் இருக்கும். "நான் தொடலைன்னு தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கலாமே? ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாமே?"

காதர் இப்ராகிமைப் பார்த்தான். இப்ராகிம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒவ்வொரு ஆட்டத்துலயும் பார்க்குறதுதானுங்களே" என்றான் காதர். "நாங்க பேசிக்கிட்டதும் உண்டு. ஆனா உங்களைப் போயி, செருப்பைத் தொடுங்க சாமின்னு எங்க வாயால எப்படிங்க சொல்றது? நீங்க ஆசாரமானவங்க. மனசு சங்கடப்படுமில்லே?"

நண்பர்களே, இந்த வார்த்தையை இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மடி கெடக் கூடாதென்று அவர்கள் பதினோரு பேரும் வெறுங்காலோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். என் ஆசாரத்தை என்னைவிட அதிகமாகக் காப்பாற்றியவர்கள் அவர்கள். நான் காப்பாற்றவேண்டியிருந்தது அவர்களுடைய கால்களை மட்டும்தான். அதற்குத்தான் கையில் விசிலைக் கொடுத்திருந்தார்கள்.

மைதானத்தில் உங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறவன் உங்களை எதிர்த்துப் பேசுவான், அப்போது திருத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கத்துகிறவனால் உங்களுக்கு ஆபத்து இல்லை. உங்கள் மேல் மரியாதை வைத்து வாயை மூடிக்கொள்கிறவன்தான் உங்கள் தப்புக்கு விலை கொடுப்பான். எனக்குத் தெரிந்த பாடம் இது ஒன்றுதான். அதையும் இன்னொருவன் காலில் படித்துக்கொண்டேன்.

"எழுதித் தரேன்" என்றேன் காதரிடம். "நாளைக்கே எழுதி இப்ராகிம் கடைக்கு அனுப்பறேன்."

அந்த நேரத்தில் அது பொய் இல்லை. நிஜமாகவே எழுதுவதாகத்தான் இருந்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. சாயங்காலம் போர்மனிடம் சொல்லியனுப்புகிறேன் என்றான். இப்ராகிம் தெருமுனைவரை கூடவே வந்து, எனக்கு முன்னால் நடந்து, வழியில் யாரும் என்மேல் இடித்துவிடாமல் விலக்கிக்கொண்டே போனார்.

ஸ்ரீரங்கம் போய்ச் சேரும்வரை மனதுக்குள் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. பாதத்தில் முன்பு புண் எதுவும் இல்லை. நீட்டியிருந்த ஆணியால் ஏற்பட்ட காயம். ஆட்டத்துக்கு முன் பூட்ஸைத் தொட்டுச் சோதிக்கவில்லை. இது வெளியே போனால் இறுதி ஆட்டம் போகும், பெயர் போகும். போகட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

காவிரியைத் தாண்டியதும் நேரே வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்திருக்கவேண்டும். ஆனால் பாலக்கரைச் சந்துக்குள் போய்விட்டு வந்தவன் அப்படியே வீட்டுக்குள் நுழைவது எப்படி? அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போனேன். வேட்டியோடு இறங்கித் தலை முழுகினேன். தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "என்ன, ஈரத்தோட வரேள்? இன்னிக்கு ஆட்டம் இல்லையோன்னோ?"

"பாலக்கரைக்குப் போகவேண்டியிருந்தது."

"நல்லவேளை, குளிச்சுட்டே வந்தேள்" என்று சொல்லிவிட்டு வழிவிட்டாள்.

உலர்ந்த வேட்டி கட்டிக்கொண்டு, திருமண் இட்டுக்கொண்டு, காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்தேன். உடம்பு லேசாக இருந்தது. மனதும் லேசாக இருந்தது. பாலக்கரையில் என்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது எல்லாம் ஆற்றோடு போய்விட்டது. இனி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.